சந்தைக் கிழமையின் சாயங்காலம்

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் வழியில் புதன்சந்தை என்று ஓர் ஊரைக் கடந்து போவார்கள். பஸ் அங்கே நின்றாலும் நிற்காவிட்டாலும், அந்தப் பெயரிடம் நம் மனசு சற்று நின்றுவிட்டுப் போகலாம். நம் நாட்டில் ஊர்களுக்குச் சாமியின் பெயர் உண்டு. ராஜாவின் பெயர் உண்டு. ஆலமரமும் ஏரியும் பாறையும்கூடப் பெயர் கொடுத்திருக்கின்றன. ஆனால் ஒரு கிழமையின் பெயரைத் தூக்கி ஓர் ஊருக்கே வைத்தார்கள் என்றால், அந்தக் கிழமையில் ஏதோ விசேஷம் இருந்திருக்க வேண்டும் அல்லவா? சேலம் நகரத்துக்குள்ளேயே செவ்வாய்ப்பேட்டை இருக்கிறது. செவ்வாய்க்கிழமைதோறும் கூடிய சந்தையால் வந்த பெயர் அது. தெற்கே கன்னியாகுமரிப் பக்கம் போனால் திங்கட்சந்தை. மற்ற ஆறு நாளும் அந்த ஊர்களில் மனிதர்கள் சும்மாவா இருந்தார்கள்? உழுதார்கள், நெய்தார்கள், பிள்ளை பெற்றார்கள். இருந்தாலும் ஊருக்குப் பெயர் வைக்கும்போது அந்த ஒரு நாள்தான் நினைவுக்கு வந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் விடுமுறை என்பது நமக்கு இப்போது சூரியன் கிழக்கே உதிப்பதைப் போல இயற்கையாகத் தோன்றுகிறது. அது அப்படி ஒன்றும் புராதனமான ஏற்பாடு அல்ல. பம்பாய் மில் தொழிலாளிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தது 1890-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில். நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் வருஷக்கணக்காக மனுப் போட்டும் கூட்டம் கூட்டியும் கேட்ட பிறகுதான் ஆலை முதலாளிகள் சம்மதித்தார்கள். இங்கிலாந்திலே அதற்கு முந்திய காலத்தில் கைத்தொழிலாளிகள் ஞாயிற்றுக்கிழமை போதாதென்று திங்கட்கிழமையும் வேலைக்குப் போகாமல் சிநேகிதர்களோடு உட்கார்ந்துவிடுவார்களாம். அதற்குப் 'புனிதத் திங்கள்' என்று வேடிக்கையாக ஒரு பட்டம் வேறு. முதலாளிமார் அந்தப் புனிதரை ஒழித்துக்கட்டப் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. கடைசியில் சனிக்கிழமை பிற்பகலை விட்டுக்கொடுத்துத்தான் திங்கட்கிழமையை மீட்டார்கள் என்று சொல்லலாம்.

சேலம், நாமக்கல் சமவெளியில் இந்தப் பேரங்கள் எதுவும் நடக்கவில்லை. தறிக்காரர்களுக்கு அமாவாசை ஓய்வு. அது மாதத்துக்கு ஒன்று. நிலக்கடலையும் சோளமும் கம்பும் விளைந்த மேட்டுக்காட்டுக் குடியானவனுக்கு அதுவும் கிடையாது. மாடு ஞாயிற்றுக்கிழமையைக் கண்டதா, கிணறு கண்டதா? அவனுக்கு வாரம் என்ற ஒன்றைக் காட்டிக் கொடுத்தது சந்தைதான். பேளுக்குறிச்சிச் சந்தை சனிக்கிழமை. மேற்கே கொங்கணாபுரத்திலும் சனிக்கிழமை. இன்னோர் ஊரில் வேறு கிழமை. வியாபாரி ஒருவன் உப்பையும் கருவாட்டையும் வளையலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டால், ஒரு நாளைக்கு ஓர் ஊர் என்று சுற்றி வந்து, எட்டாம் நாள் முதல் ஊரில் மறுபடியும் கடை விரிக்கலாம். பஞ்சாங்கம் இல்லாதவனும் இந்தச் சுற்றை வைத்துக் கிழமை சொல்லிவிடுவான்.

சந்தைக்குப் போவது சாமான் வாங்குவதற்காக என்று நினைப்பவர்கள் சந்தையைக் கண்டவர்கள் அல்ல. ஒரு கோழியை விற்று, அரை வீசை வெங்காயமும் கொஞ்சம் புகையிலையும் வாங்குவதற்கு ஒரு நாள் முழுவதும் எதற்கு? மூன்று மைல் நடந்து போய், வெயில் சாய்கிற வரைக்கும் புளியமரத்தடியில் நின்று, மறுபடி மூன்று மைல் நடந்து வருவது அந்த வெங்காயத்துக்காகவா? பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்ட மகளைத் தாய் பார்ப்பது சந்தையில்தான். மாமியார் வீட்டில் சொல்ல முடியாததை மகள் சொல்வதும் அங்கேதான். சம்பந்தம் பேச விரும்புகிறவர்கள், 'நாங்கள் பெண் பார்க்க வரவில்லை, மாடு பார்க்க வந்தோம்' என்ற பாவனையில் ஒருவரை ஒருவர் அளந்து கொள்வதும் அங்கேதான். தரகர்கள் துண்டுக்குள் கையை மறைத்து விரல் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியாது. ஆனால் முகத்தைப் பார்த்தே பேரம் எந்த மட்டில் இருக்கிறது என்று அவன் ஊகித்துவிடுவான். கதை எழுதுகிறவர்கள் அந்த வித்தையைப் படிக்க வேண்டுமானால் மாட்டுச் சந்தைக்குப் போகலாம் என்பது என் அபிப்பிராயம்.

எல்லாவற்றுக்கும் மேலே, பழைய சிநேகிதனைப் பார்க்கலாம். கூலி வேலை செய்கிறவனுக்குச் சிநேகிதனைப் பார்ப்பதற்கென்று தனியாக நேரம் ஏது? வேலையிலே பார்க்கலாம், பேச முடியாது. வீட்டிலே பேசலாம் என்றால் உட்கார இடம் இல்லை. ஆகவே வாரத்துக்கு ஒரு நாள், அன்றைக்கும் ஒரு சாயங்காலம், இருவரும் ஓர் இடத்தில் குந்திப் பேசுகிறார்கள். அந்த இடம் பெரும்பாலும் எதுவாக இருந்தது என்பதில்தான் இந்தக் கட்டுரையின் விஷயமே இருக்கிறது. சந்தைத் திடலின் ஓரத்தில் ஓலைக் கொட்டகை போட்டிருந்த கள்ளுக்கடைதான் அது.

தென்னங்கள், பனங்கள் இரண்டோடு ஈச்சங்கள்ளும் இந்தப் பக்கத்தில் உண்டு. ஸர்க்கார் கடையை ஏலம் விடும். மரத்துக்கு வரி வாங்கும். ஏலம் எடுத்தவனுக்குச் சந்தை நாள்தான் அறுவடை நாள். வாரக் கூலி கைக்கு வருகிற நாளும், கடன்காரன் கண்ணில் படாமல் சில்லறை புழங்குகிற நாளும் அதுவே என்றால் கேட்பானேன்? கொட்டகைக்கு வெளியே ஒரு கிழவி அவித்த மொச்சையும் வறுத்த மீனும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உள்ளே போகிறவன் மூன்று மைல் நடந்து வந்த களைப்போடு போவான். வெளியே வருகிறபோது, கட்டிக்கொண்டு வந்த வெங்காயம் எங்கே என்று தெரியாது. வீட்டில் ஒருத்தி விளக்குக்கு எண்ணெய் இல்லாமல் காத்திருப்பாள். இதை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. எனக்கு முன்னால் பெரிய கைகள் எழுதியாகிவிட்டது.

அந்தப் பெரிய கைகளில் இரண்டு இந்த மண்ணிலேயே உட்கார்ந்து எழுதின. சேலத்தில் 1900-ஆம் வருஷம் வக்கீல் தொழிலை ஆரம்பித்து, 1917-ல் நகரசபைத் தலைவராகவும் ஆன ராஜாஜி, 1925 பிப்ரவரியில் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். நூற்பும் கதரும் வைத்தியமும் தீண்டாமை ஒழிப்பும் அங்கே நடந்தன. அவற்றோடு குடியை விடச் சொல்லும் பிரசாரமும் நடந்தது. அதற்காகவே 1929-ல் 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை பிறந்தது. ராஜாஜி ஆசிரியர், கூட இருந்து வேலை செய்தவர் கல்கி. பத்தே இதழ்களோடு அது நின்று போயிற்று என்றாலும், ஒரு பத்திரிகை முழுக்க ஒரே பிரமேயத்தை வைத்துக்கொண்டு வாசகனை அலுக்காமல் வைத்திருப்பது எப்படி என்ற பயிற்சி கல்கிக்கு அங்கே கிடைத்திருக்க வேண்டும். ராஜாஜி எழுதிய 'திக்கற்ற பார்வதி' பின்னால் 1974-ல் சினிமாவாக வந்தது. குடியால் ஒரு குடும்பம் சிதைகிற கதை. அவர் பிறந்த தொரப்பள்ளியிலேயே படத்தை எடுத்தார்கள்.

இன்னொரு பக்கத்தில், 1921-ஆம் வருஷத்து மறியல் காலத்தில், ஈ. வெ. ராமசாமி சேலம் தாதம்பட்டியில் தமக்கு இருந்த ஐந்நூறுக்கு மேற்பட்ட தென்னை மரங்களைக் கள்ளுக்குப் பயன்படக் கூடாது என்று வெட்டிச் சாய்த்துவிட்டார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்லும். தென்னை வளர்த்தவர்களைக் கேட்டால் ஒரு மரம் காய்ப்புக்கு வர எத்தனை வருஷம் என்று சொல்வார்கள். ஐந்நூறு மரம்! பின்னால் எத்தனையோ விஷயங்களில் எதிரும் புதிருமாக நின்ற இந்த இரண்டு மனிதர்களும் அன்றைக்கு ஒரே மொந்தையை உடைக்கப் புறப்பட்டவர்கள்.

ராஜாஜி 1937 ஜூலை மாதம் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரி ஆனார். கள், சாராய வருமானம் மாகாணத்தின் மொத்த வருவாயில் ஏறக்குறையக் கால் பங்கு. அதை ஒரேயடியாக உதறிவிட முடியாது. ஆகவே ஒரு ஜில்லாவில் ஆரம்பிப்பது என்று தீர்மானமாயிற்று. எந்த ஜில்லா என்பதில் சந்தேகம் இருக்க முடியுமா? அதே வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி, ஒரு வெள்ளிக்கிழமை, சேலம் ஜில்லா முழுவதும் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் மூடப்பட்டன. இன்றைய சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு ஜில்லாக்களும் சேர்ந்ததுதான் அன்றைய சேலம் ஜில்லா என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காக்காரர்கள் பதின்மூன்று வருஷம் மதுவிலக்கை வைத்துப் பார்த்து, முடியாது என்று 1933 டிசம்பரில் கைவிட்டார்கள். பின்லாந்துக்காரர்கள் அதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே கைவிட்டார்கள். உலகம் முழுவதும் தோற்றுப்போன சரக்கு என்று ஒதுக்கிய நாலாம் வருஷத்தில் சேலத்தில் கடை மூடியது. ராஜாஜியின் துணிச்சலை ஏற்காதவர்களும் அதைத் துணிச்சல் இல்லை என்று சொல்ல முடியாது. நஷ்டத்தை ஈடுகட்ட 1939-ல் அவர் கொண்டுவந்த விற்பனை வரி, மதுவிலக்கு வந்து போன பிறகும் போகவில்லை. அது வேறு கதை.

இந்த வரலாற்றை எழுதியவர்கள் எல்லாரும் இதன் பிறகு ஒரு கணக்கைக் காட்டுவார்கள். குடிக்குப் போன பணம் எத்தனை மிச்சமாயிற்று, கடன் எவ்வளவு குறைந்தது, சோறு, துணி, பாத்திரம் எவ்வளவு வாங்கினார்கள் என்ற கணக்கு. அது அவசியமான கணக்குத்தான். நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் எனக்கு உறுத்துவது வேறொன்று. காசு மிச்சமாயிற்று, சரி. சாயங்காலமும் அல்லவா மிச்சமாயிற்று? அதை எங்கே கொண்டு போய் வைத்தார்கள்?

ராஜாஜியின் ஸர்க்காருக்கு இந்தக் கேள்வி தோன்றாமல் இல்லை. சொல்லப்போனால் அமெரிக்காக்காரர்களைவிட நம்மவர்கள் புத்திசாலித்தனமாக நடந்துகொண்ட இடம் இதுதான். அங்கே கடையை மூடினார்கள். சிநேகிதர்கள் கூடுகிற ஆசையை மூட முடியவில்லை. அது ரகசியக் கடைகளுக்குள் புகுந்துகொண்டு கொள்ளைக்காரர்களைப் பணக்காரர்கள் ஆக்கியது. இங்கே கலெக்டராக இருந்த டிக்ஸன் என்ற ஆங்கிலேயர், தமக்குக் கொடுத்த உத்தரவை நிறைவேற்றுவதோடு நிற்காமல் அதில் உண்மையான சிரத்தையும் காட்டினார். பஜனைக் கோஷ்டிகளும் நாடகங்களும் விளையாட்டுப் போட்டிகளும் ஊர் ஊராக ஏற்பாடாயின. மரம் ஏறிப் பிழைத்தவர்கள் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சும்படி தூண்டப்பட்டார்கள். குடித்துக்கொண்டிருந்தவனுக்கு ஒரு மாற்று வேண்டும், வெறும் தடை போதாது என்று உணர்ந்து செய்தவை இவை.

நல்ல எண்ணம்தான். ஆனால் ஸர்க்கார் ஏற்பாடு செய்கிற சந்தோஷத்தில் ஒரு சங்கடம் உண்டு. அதற்கு நேரம் குறித்திருப்பார்கள். எட்டு மணிக்குப் பஜனை என்றால் எட்டு மணிக்கு நமக்குப் பக்தி வர வேண்டும். சுற்றிலும் அதிகாரிகள் உட்கார்ந்திருக்கும்போது சடுகுடு ஆடுகிறவன் மூச்சைப் பிடிப்பானா, மரியாதையைப் பிடிப்பானா? கள்ளுக்கொட்டகையில் அவன் தேடிப் போனது போதையை மட்டும் என்றால் பதநீர் போதும், பஜனையும் போதும். அவன் அங்கே கண்டது, யாரும் வா என்று கூப்பிடாமல் போய், யாரும் போ என்று சொல்லாமல் உட்கார்ந்து, சொன்னதையே நாலு தரம் சொன்னாலும் கேட்கிற ஒரு சிநேகிதனை. இதற்கு நிகழ்ச்சி நிரல் போட முடியுமா?

என் அம்மாயி ராசிபுரத்துப் பக்கத்துக்காரி. கடை மூடியபோது அவளுக்கு எட்டு வயது. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மதுவிலக்கைப் பற்றிப் பாடத்தில் இருந்ததை உரக்கப் படித்தால், அவள் வெற்றிலையை மென்றுகொண்டே தன்னுடைய பாடத்தைச் சொல்லுவாள். "கடை மூடுன வாரம் எங்கய்யன் சந்தைக்குப் போயிட்டு வெளிச்சத்துலயே வூடு வந்து சேந்துட்டாரு கண்ணு. எங்கம்மாளுக்குப் பயமாப் போச்சு, ஒடம்புக்கு என்னமோ ஏதோன்னு!" என்பாள். பிறகு ஒரு மாதம் அவர் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு குழம்பில் உப்பிலிருந்து கோழி கூவுகிற நேரம் வரைக்கும் எல்லாவற்றையும் குற்றம் சொன்னாராம். குடித்துவிட்டு வருகிற புருஷனைச் சமாளிக்கத் தெரிந்த என் பூட்டிக்கு, குடிக்காமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற புருஷனை என்ன செய்வது என்று தெரியவில்லை. "பொறவு பாலத்துக்கிட்ட டீக்கடை வெச்சாங்க. அங்க போயிட்டாரு." அவ்வளவுதான் அம்மாயியின் சரித்திரம்.

அந்தப் பாலத்துக் கடையைப் பற்றிச் சரித்திரக்காரர்கள் இன்னும் கொஞ்சம் எழுதலாம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் தேநீர் அந்தக் காலத்தில் ஒரு புது விருந்தாளி. நகரத்து மத்தியதர வீடுகளில் காப்பி ஏற்கனவே கிரீடம் சூட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. சேலத்துக்குத் தலைமாட்டில் இருக்கிற சேர்வராயன் மலையில் 1820-களிலேயே காக்பர்ன் என்ற கலெக்டர் காப்பிச் செடியைக் கொண்டுவந்து நட்டுவிட்டார். ஆனால் மலைமேல் விளைந்த காப்பி மலையடிவாரத்துக் கூலிக்காரன் வாய்க்கு எட்டவில்லை. அவன் காலையில் குடித்தது நீராகாரம், மாலையில் கள். இந்த நிலைமையில்தான் 1930-களில் தேயிலை வியாபாரத்தைப் பெருக்க ஏற்பட்ட போர்டுக்காரர்கள் இந்தியா முழுவதும் வண்டி கட்டிக்கொண்டு போய், கூட்டத்தைக் கூட்டி, எப்படிக் காய்ச்சுவது என்று செய்து காட்டி, கோப்பை கோப்பையாக ஊற்றிக் கொடுத்தார்கள். வெளிநாட்டில் விலை விழுந்து தேங்கிப்போன தேயிலையை எங்கே தள்ளுவது என்பது அவர்கள் கவலை. காந்தியக் கொள்கையும் தோட்ட முதலாளிகளின் தேக்கமும் கைகோத்துக்கொண்டு ஒரு பெஞ்சுப் பலகையைக் கிராமத்துச் சாலையோரத்தில் கொண்டுவந்து போட்டன என்று சொன்னால், இரண்டு கட்சிக்காரர்களும் என்மேல் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் நடந்தது ஏறக்குறைய அதுதான்.

அந்தப் பலகையில் என்ன விசேஷம் என்றால், ஒரு கிளாஸ் தேநீரை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்காரலாம். வீட்டுக்குத் திரும்பும்போது வெங்காயம் கையில் இருக்கும். ஒருவன் பத்திரிகையை உரக்கப் படித்தால் எழுத்துத் தெரியாத ஏழு பேர் அபிப்பிராயம் சொல்லலாம். யுத்தம் வந்த பிறகு சண்டைச் செய்தியைக் கேட்பதற்கே கூட்டம் சேர்ந்தது. தமிழ்நாட்டின் அரசியலில் பாதி பின்னாளில் இந்தப் பலகைமேல்தான் நடந்தது என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

ஆனால் இதை முழு மனத்தோடு கொண்டாட எனக்கு முடியவில்லை. அந்தப் பெஞ்சு எல்லாருக்கும் போட்ட பெஞ்சு அல்ல. இந்தச் சமவெளியில் எத்தனையோ கிராமங்களில் சேரிக்காரர்கள் கடைக்கு வெளியே தரையில் குந்தித் தனிக் குவளையில்தான் தேநீர் குடிக்க முடிந்தது. குடித்ததும் தாங்களே கழுவி வைக்க வேண்டும். சுதந்திரம் வந்து, தீண்டாமை குற்றம் என்று 1955-ல் சட்டம் வந்த பிறகும் அந்தக் குவளைகள் வெகுகாலம் ஆணியில் தொங்கின. கள்ளுக்கடையிலும் தூரம் பார்த்து உட்கார்ந்தவர்கள்தான். ஆனால் போதை ஏறினால் தூரம் கொஞ்சம் மறந்துபோகும். தேநீர் புத்தியைத் தெளிவாக வைத்திருக்கும். தெளிந்த புத்தியோடு செய்கிற அக்கிரமம் என்று ஒன்று இருக்கிறதே, அதை இந்தக் குவளையில் பார்க்கலாம்.

நம்மைப் போன்றவர்களுக்கு 1937 அக்டோபரில் என்ன மாறியது என்று கேட்டால், ஒன்றும் மாறவில்லை. சேலத்து வக்கீல்களும் வாத்தியார்களும் வழக்கம்போல் அவரவர் திண்ணையில் வெற்றிலைச் செல்லத்தையும் சீட்டுக்கட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உள்ளேயிருந்து காப்பி வந்திருக்கும். காப்பியை யார் எத்தனை தரம் சூடு பண்ணிக் கொடுத்தார்கள் என்பதை எந்தக் கணக்கிலும் எழுதவில்லை. ஏற்காட்டுத் தோட்டத்துத் துரைமார்களுக்குப் பர்மிட் இருந்தது. அவர்கள் தங்கள் சாயங்காலத்தைத் தொந்தரவு இல்லாமல் நடத்திக்கொண்டார்கள். வாரத்துக்கு ஒரு தடவை கிடைத்த சாயங்காலத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது இவர்கள் எல்லாரிலும் ஏழையாக இருந்தவனுக்குத்தான். அவன் நன்மைக்காகவே அது செய்யப்பட்டது என்பது வாஸ்தவம். அவனைக் கேட்டுச் செய்யப்படவில்லை என்பதும் வாஸ்தவம்.

அவன் மனைவியைக் கேட்டிருந்தால்? அவள் ஒரு நிமிஷம்கூட யோசித்திருக்க மாட்டாள். ஆண்கள் சிநேகிதத்தைப் பற்றி நான் இவ்வளவு நேரம் இரக்கத்தோடு பேசியதைக் கேட்டால் அவள் சிரிப்பாள். அவளுக்கு வாரத்தில் ஒரு சாயங்காலம் என்று யார் ஒதுக்கி வைத்தார்கள்? கிணற்றடியில் குடம் நிரம்புகிற நேரம்தான் அவளுடைய சிநேகித நேரம். சந்தைக்குப் போவாள், ஆனால் கையில் காசு இருக்காது. அவள் கொண்டுபோய் விற்ற கோழியின் காசைக்கூடக் கடைவாசலில் பிடுங்கிக்கொள்ள ஒருவன் காத்திருப்பான். அம்மாயி சொன்ன இன்னொன்று எனக்கு மறப்பதில்லை. அந்தத் தை மாதத்தில் அவள் தாய், சேலை முந்தானையில் தன் காசைத் தானே முடிந்துகொண்டு சந்தைக்குப் போனாளாம். வாங்கியது பெரிதாக ஒன்றும் இல்லை. மகளுக்கு ஒரு சாண் ரிப்பன், வீட்டுக்கு உப்பு, தனக்கு இரண்டு கை பொரிகடலை. அந்தப் பொரிகடலையை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்த தன் தங்கையோடு புளியமரத்தடியில் உட்கார்ந்து, இருட்டுகிற வரைக்கும் இரண்டு பேருமாகத் தின்று தீர்த்துவிட்டுத்தான் எழுந்தாள். "அன்னிக்கு எங்கம்மா சிரிச்ச சிரிப்பு சந்தைக்கே கேட்டுச்சு" என்பாள் அம்மாயி.

கடை மூடியதோடு குடி அடியோடு போய்விடவில்லை. மலைக்காட்டில் ஊறல் போட்டார்கள். பள்ளிபாளையத்துக்காரனுக்குக் காவேரிப் பாலத்தைத் தாண்டினால் ஈரோடு. அது அப்போது கோயமுத்தூர் ஜில்லா, அங்கே சட்டம் இல்லை. இருந்தாலும் மொத்தத்தில் அந்த முதல் இரண்டு மூன்று வருஷம் சட்டம் நன்றாகவே நடந்தது. 1938-ல் சித்தூருக்கும் கடப்பைக்கும் போயிற்று. அடுத்த வருஷம் வட ஆர்க்காட்டுக்கும் போயிற்று. அந்த வருஷக் கடைசியில் யுத்தத்தை முன்னிட்டு மந்திரிசபை ராஜினாமாச் செய்தது. வெள்ளைக்கார ஆலோசகர்களின் ஆட்சியில் கொஞ்ச காலம் இழுத்துக்கொண்டு கிடந்து, 1944-ஆம் வருஷத் தொடக்கத்தில் சேலத்தில் கள்ளுக்கடை மறுபடி திறந்தது.

திறந்த அன்றைக்கு எல்லாரும் தேநீர்க் கடையைக் காலி செய்துவிட்டு ஓடினார்களா? ஓடியவர்கள் ஓடினார்கள். ஆனால் தேநீர்க் கடை மூடப்படவில்லை. ஆறேழு வருஷத்தில் ஒரு பலகைக்கும் அதன்மேல் உட்காருகிறவர்களுக்கும் பந்தம் ஏற்பட்டுவிடுகிறது. 1946 அக்டோபரில் மறுபடி மதுவிலக்கு வந்தது, 1948 காந்தி ஜயந்தியன்று மாகாணம் முழுவதற்கும் பரவியது, 1971-ல் விலக்கப்பட்டது, பிறகு மூடுவதும் திறப்பதுமாக இருந்து, 2003-ல் ஸர்க்காரே சில்லறைக் கடை வைத்து விற்க ஆரம்பித்தது. ஓலைக் கொட்டகைக்கு வெளியே மொச்சை விற்ற கிழவிக்கு இந்தக் கடைகளில் இடம் கிடையாது. கம்பிக்குப் பின்னால் ஒரு கை பாட்டிலை நீட்டும். முன்னால் ஒரு கை பணத்தை நீட்டும். கள்ளுக்கு இன்றும் தடைதான். பதநீர் கிடைத்தால் கிடைத்தது.

இதற்கு நடுவில் வாரச் சந்தோஷங்களும் வேறு வேறு வேஷம் போட்டன. கடை மூடிய அந்தக் காலத்தில்தான் சேலத்தில் டி. ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் படம் படமாக எடுக்க ஆரம்பித்திருந்தது. ஊருக்கு வெளியே டூரிங் கொட்டகை வந்து இறங்கினால், தரை டிக்கட் வாங்கி மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து, பக்கத்துத் தெருக்காரியோடு அழுதுவிட்டு வரலாம். பெண்கள் வீட்டு வேலையை முடித்துவிட்டு, சேர்ந்து, இரவில் வெளியே போய்வர ஊர் ஒப்புக்கொண்ட காரணங்கள் முன்பு திருவிழாவும் சாவும்தான். சினிமா மூன்றாவதாக வந்து சேர்ந்தது. பிறகு வீட்டுக்குள்ளேயே பெட்டி வந்தது; இப்போது கைக்குள்ளேயே வந்துவிட்டது. சிநேகிதனோடு பேசுவதற்கு இன்றைக்கு மூன்று மைல் நடக்க வேண்டியதில்லை. ஆனால் நடக்க வேண்டாம் என்று ஆன பிறகு எத்தனை பேர் பேசுகிறோம் என்பதை அவரவர் வீட்டில் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

சந்தைகள் நிற்கவில்லை. தை பிறந்து கோடை வருகிற மாதங்களில் பேளுக்குறிச்சிக்குப் போனால், கொல்லிமலை மிளகும் கடுகும் சீரகமும் மல்லியும் குவித்து வைத்திருக்க, வருஷத்துக்கு வேண்டிய மளிகையை ஒரே நாளில் வாங்கிப்போகப் பல ஊர்க்காரர்கள் வந்து நிற்பதைப் பார்க்கலாம். வியாபாரத்தைப் பற்றி மட்டும் யோசித்தால் இது புரியாது. பாக்கெட்டில் அடைத்த மிளகு வீட்டு வாசலுக்கே வருகிற காலம் இது.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை கொங்கணாபுரத்தில் ஆட்டுச் சந்தை பார்க்கப் போயிருந்தேன். விடியற்காலையிலேயே கூட்டம். ஏழு மணிக்கெல்லாம் முக்கால்வாசி பேரம் முடிந்து ஆடுகள் வேனில் ஏறிக்கொண்டிருந்தன. தேநீர்க் கடையில் உட்கார இடம் கேட்டேன். பலகையின் ஓரத்தில் ஒரு துண்டு விரித்துப் போட்டிருந்தது. பக்கத்திலிருந்த பெரியவர் அதை எடுக்கவில்லை. "ஆளு வருதுங்க" என்றார். யார் என்று கேட்டேன். "எடப்பாடிப் பக்கத்துக்காரருங்க. வெள்ளாட்டு வியாபாரத்தை உட்டுப் பத்து வருசமாச்சு. சனிக்கிழமையானா வந்துருவாரு" என்றார். நான் நின்றுகொண்டே தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.